யார் அந்தச் சம்பந்தி?

பேர் வெளியே வராது என்று சுகாதார அலுவலகப் பெண் போனில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அதை நம்பித்தான் வாயைத் திறந்தேன். கீழ்வீட்டு அண்ணன் முன்னறையிலேயே அலமாரிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறார், அந்த நெடி படியேறி என் வீட்டுக்குள் வருகிறது, என் மகளுக்கு மூச்சு இழுக்கிறது என்று கொட்டித் தீர்த்தேன். நேரில் கேட்கத் துணிச்சல் இல்லை. முன்பு கேட்ட எதிர்வீட்டுக்காரரின் வண்டி சீட்டு மறுநாளே தாறுமாறாகக் கிழிந்து கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. இங்கே நானும் மகளும் தையல் மெஷினும்தான்.

சுகாதார அதிகாரியின் குரல் கீழே கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்துவைத்தேன்.

"உங்க மேல புகார் வந்திருக்கு."

"குடுத்தது யாரு?" அண்ணன் கேட்டார்.

"அதைச் சொல்ல மாட்டோம். என்ன புகார்னு வேணா படிக்கிறேன்."

படித்தார். என் பெயர் இல்லை, மாடி இல்லை, மகள் இல்லை. எல்லாவற்றையும் கவனமாக நீக்கியிருந்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது. கடைசி வரியில் மறுபடியும் போயிற்று.

"'காலங்காத்தால சம்பந்தி கத்த ஆரம்பிச்சா பொழுதுக்கும் ஓயறதில்ல.' யாருங்க அந்தச் சம்பந்தி? அவரையும் கூப்பிடுங்க."

"சம்பந்தியா? என் பையனே ஒண்ணாங்கிளாஸ்தான் சார் படிக்கிறான்!"

சம்பந்தி ஆள் இல்லை, கம்ப்ரஸர். பெயிண்டைப் பீய்ச்சுவதற்குக் காற்றடைக்கும் மெஷின். ஊரையே கூட்டும், எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது, முகம் கோணாமல் பொறுத்துப்போக வேண்டும் என்று நானும் அவர் மனைவி அண்ணியும் துணி காயப்போடும்போது சிரித்துச் சிரித்து வைத்த பேர். உலகத்திலேயே அப்படிச் சொல்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதைப் போய் அரசாங்கத்திடம் உளறியிருக்கிறேன். என் நாக்கில் சூடு போட வேண்டும்.

அந்த இரண்டு பேரில் அண்ணி அப்படிச் சொல்வது மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும்.

"நீதானே மெஷினை அப்படிச் சொல்லுவ?" அண்ணியிடம் மெதுவாகக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"மாடி தையக்காரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணி தப்பித்துவிடுவாள். சொல்லிவிடுவாள் என்றுதான் காத்திருந்தேன். அவள் வாயே திறக்கவில்லை.

"இனிமே இங்க பெயிண்ட் அடிக்கக் கூடாது" என்றார் அதிகாரி.

"சரி சார், நீங்க கிளம்புங்க. மத்தது எங்க வீட்டு விஷயம். நான் பாத்துக்கறேன்."

அதிகாரியின் செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. அவர் போனதும் அண்ணிக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் கதவைச் சாத்திக்கொள் என்றது மனசு. அந்த மனசின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. விழுந்தடித்துப் படியிறங்கினேன்.

"சார், போகாதீங்க! புகார் குடுத்தது நான்தான்!"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பேரு வேண்டாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

அண்ணியின் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது.

"இப்ப வேணும். முழுப் பேரையும் எழுதுங்க. இவங்களும் பையனும் இன்னிலேருந்து என் வீட்லதான் இருப்பாங்க, அதையும் எழுதுங்க."