பாக்கிதாரர் பட்டியலில் மதார் சாகிப்

அந்தச் சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே பீபி ஜானுக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்டிருப்பார்கள். நாலு வீடு வைத்திருப்பவன் அஞ்சாவது வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கித் தருவார்கள். வாடகை வீட்டில் கிடப்பவன் போனால் வெளியில் நிற்கச் சொல்வார்கள். வீடு இருப்பவனுக்கு வீடு கட்டிக் கொடுக்க ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு மேசை விசிறி. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவள் புருஷன் மதார் சாகிப் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஸ்ஸுக்கும் லாரிக்கும் சீட் தைக்கிற கடை வைத்திருந்தார். பஞ்சு என்று சொல்லிவிட்டுக் கந்தல் துணியை அடைக்கிற வேலையெல்லாம் அவருக்குத் தெரியாது. அதனால் லாபமும் தெரியாது. பீபி ஜான் வீட்டில் பீடி சுற்றினாள். இரண்டு பேருமாகப் பதினாலு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் பிறந்தன. மாதம் பிறந்து அஞ்சாம் தேதி தாண்டி வாடகை போனதாகச் சரித்திரம் இல்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் வீட்டுக்காரர் அப்பாதுரை வந்தார். மெட்ராசுக்கு மகனிடம் போய்விடப் போவதாகவும், வீட்டை விற்கப் போவதாகவும் சொன்னார். ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிற அப்பாசாமி, வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட இருபதாயிரம் தருகிறாராம். ஆனாலும் இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு முதல் பாத்தியதை என்று, பதினெட்டாயிரத்துக்கு இவர்களுக்கே தருவதாகச் சொன்னார். ஆவணி முடிவதற்குள் பணம் வேண்டும். நல்ல மனுஷர், அந்த அளவுக்கு.

தபால் ஆபீஸ் புத்தகத்தில் ஆறாயிரம் இருந்தது. மிச்சம் பன்னிரண்டாயிரத்துக்கு வீட்டை அடமானம் வைத்துச் சங்கத்தில் கடன் கேட்டு மனு போட்டார் மதார் சாகிப். பத்து நாள் கழித்துச் சங்கத்துச் செயலாளர் சுப்பிரமணி கூப்பிட்டனுப்பினான். மனுவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பாக்கிதாரர் பட்டியலில் அவர் பேர் இருக்கிறது, கடன் கிடையாது என்றான்.

மதார் சாகிப் ஒரு பைசா கடன் வாங்கியவர் இல்லை. எழுபத்திநாலில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவுதான். கீழ்பென்னாத்தூர் ராஜமாணிக்கம் அப்போது டிராக்டருக்கு சீட் தைக்க வந்து பழக்கமானவர். ஒரு ரம்ஜான் அன்று வீட்டுக்கு வந்து பிரியாணியை ஒரு பிடி பிடித்தார். கை கழுவித் துடைத்த கையோடு, விவசாயச் சங்கத்தில் வாங்கும் பம்பு செட்டுக் கடனுக்கு ஜாமீன் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். வீட்டில் சாப்பிட்டு எழுந்த விருந்தாளியிடம் முடியாது என்று சொல்ல மதார் சாகிப்புக்கு வாய் வருமா? பல் குத்தி முடிப்பதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ராஜமாணிக்கம் ஒரு தவணைகூடக் கட்டவில்லை. நோட்டீஸ் அவருக்கும் போனது, ஜாமீன்தாரருக்கும் வந்தது. இரண்டு பேரும் எல்லாச் சங்கத்துக்கும் போகிற பாக்கிதாரர் பட்டியலில் ஏறினார்கள். அதற்குள் அரசாங்கம் சிறு விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்தது. நிலத்தைப் பெண்டாட்டி பேருக்கும் மச்சினன் பேருக்கும் எழுதிவைத்துவிட்டு, காகிதத்தில் சிறு விவசாயியாக நின்றுகொண்டிருந்த ராஜமாணிக்கத்தின் கடன் ஒரே நாளில் காற்றில் போயிற்று. கடன் வாங்கியவர் பேரை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது, அடித்தார்கள். ஜாமீன்தாரர் பேரை அடிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, அது அப்படியே இருந்தது. இல்லாத கடனுக்கு ஜாமீன் போட்ட பாக்கிதாரர்! உலகத்திலேயே இப்படி ஒருத்தர் இவராகத்தான் இருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ராஜமாணிக்கம்தான் இப்போது வீட்டு வசதிச் சங்கத்துக்குத் தலைவர்.

பீபி ஜான் மறுநாள் தானே கிளம்பிப் போனாள். தன் பேரில் கடன் கேட்டாள். தான் யாரிடமும் கடன் வாங்கியதில்லை, யாருக்கும் ஜாமீன் போட்டதில்லை என்றாள். சுப்பிரமணி பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே கேட்டான்.

"அதான் பாயம்மா பிரச்சனை. இதுவரைக்கும் கடனே வாங்கலன்னா உங்க நாணயம் எப்படின்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

எங்கேயாவது சின்னதாக ஒரு கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிக் காட்டிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து வரச் சொன்னான். வாங்கினவன் தலைவர், வாங்காதவள் நாணயம் தெரியாதவள், வாங்கினவனுக்குக் கையெழுத்துப் போட்டவன் பாக்கிதாரர். பீபி ஜானுக்கு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

இரண்டு பேரும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனார்கள். ராஜமாணிக்கம் வறுத்த வேர்க்கடலையும் காபியும் கொடுத்து உபசரித்தார். எல்லாவற்றையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மனசு ரொம்பக் கஷ்டப்படுகிறது என்றார். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, தானே தலைவராக இருந்துகொண்டு தெரிந்தவர்களுக்கு ஒரு நியாயம், தெரியாதவர்களுக்கு ஒரு நியாயம் என்று செய்ய முடியுமா என்று கேட்டார். மதார் சாகிப், அதானே, அது தப்புத்தானே என்றார். பீபி ஜான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுவதற்கு அல்லா தனக்கு எத்தனை பொறுமை கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணி பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து மதார் சாகிப் சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்து ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெறும் கையோடு வரவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எட்டு வருஷத்தில் அந்த ஆள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வேன் வாங்கப் போகிறாராம். ஒரு பேங்கில் கடன். ஜாமீனுக்கு நாணயமான ஆள் வேண்டுமாம். மதார் சாகிப் தயங்கித் தயங்கி, தான் பாக்கிப் பட்டியலில் இருக்கிற ஆளாயிற்றே என்றார்.

"அதெல்லாம் நீ இன்னாத்துக்குக் கவலைப்படற பாய்? நான் எழுதியே எடுத்துக்கினு வந்துட்டேன்" என்று ராஜமாணிக்கம் இன்னொரு காகிதத்தைக் காட்டினார்.

சங்கத்தின் அச்சடித்த தாள். திருவண்ணாமலை மதார் சாகிப் என்பவரை நன்கு அறிவேன், அவர் மீது எந்தச் சங்கத்திலும் பாக்கி எதுவும் இல்லை, அவர் மிகுந்த நாணயமுள்ளவர் என்று எழுதி, கீழே தலைவர் கையெழுத்தும் வட்ட முத்திரையும். பீபி ஜான் அறைவாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு மாதமாக எந்தச் சட்டம் மலை மாதிரி வழியில் நின்றதோ, அந்தச் சட்டம் மாப்பிள்ளைக்கு வேன் என்றதும் மடங்கிப் பைக்குள் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிச்சலோடு எரிச்சலாக ஒரு யோசனையும் வந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கையெழுத்து நாளைக்குப் போட்டு வைக்கிறோம், காகிதங்களை வைத்துவிட்டுப் போங்கள் என்று அவளே முன்னால் வந்து மரியாதையாகச் சொன்னாள். புருஷன் ஆச்சரியமாகப் பார்த்தார். ராஜமாணிக்கம் சந்தோஷமாக ஏப்பம் விட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சனிக்கிழமை காலையில் அவள் காகிதங்களை டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டுச் சங்கத்துக்குப் போனாள். கையோடு கொண்டுபோனால் வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டு, எந்தக் காகிதம் என்று கேட்பார்கள். அவர்களை அவளுக்குத் தெரியும். முதலில் வாயைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று போனாள். தலைவரே பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கடன் கிடைக்குமா என்று சுப்பிரமணியிடம் கேட்டாள்.

சுப்பிரமணி சிரித்தான். தலைவரே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பிறகு, கேட்பதற்குத் தான் யார் என்றான். நிர்வாகக் குழு திங்கட்கிழமை கூடுகிறது, அதற்குள் கொண்டுவந்தால் மனுவோடு சேர்த்து வைத்துவிடலாம், அதற்கப்புறம் தலைவரே நினைத்தாலும் தன் கையெழுத்தைப் பொய் என்று சொல்ல முடியாதே என்று அவனே எடுத்துக் கொடுத்தான். அவனுக்கும் தலைவர்மேல் ஏதோ காந்தல் இருந்திருக்க வேண்டும்.

பீபி ஜான் வீட்டுக்கு வந்த வேகம் அவளுக்கே தெரியாது. வழியில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கினாள். இரண்டு அறை, ஒரு கிணறு, பின்னால் நாலடி மண், எல்லாம் இனித் தன்னுடையது. டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புடவையை எடுத்தாள். அடியில் ஒன்றும் இல்லை. எல்லாத் துணியையும் வெளியே இழுத்துப் போட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மதார் சாகிப் வந்தார். முகம் தெளிவாக இருந்தது. மனசில் பாரம் இறங்கியவர் மாதிரி செருப்பைக் கழற்றினார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை என்றார். பட்டியலில் இருக்கிற தான், பாக்கி இல்லை என்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு எப்படி ஜாமீன் போடுவது, அது பொய்க் கையெழுத்து ஆகாதா என்று யோசித்தாராம். அதனால் காலையில் அவள் வெளியே போன பிறகு பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்து, கடையைச் சாத்திவிட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறி, கீழ்பென்னாத்தூர் போய், இரண்டு காகிதத்தையும் ராஜமாணிக்கம் கையிலேயே கொடுத்து, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பீபி ஜான் காலிப் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பிறகு கேட்டாள். "ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். நம்பி வெச்சிட்டுப் போனது. அமானிதம். அதை நாம வெச்சிக்கலாமா?"

"அதுல உங்க பேருதானே எழுதியிருந்துது?"

"பேரு என்னுது. காகிதம் அவருது" என்றார் மதார் சாகிப்.

அவள் அழவில்லை. திட்டினாள். பதினாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் திட்டினாள். நாணயஸ்தன் என்று எழுதிய காகிதத்தை நாணயமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த ஒரே மனுஷன் இந்த மாவட்டத்தில் நீங்கள்தான் என்றாள். சுப்பிரமணி சொன்னதை அவள் சொல்லி முடித்தபோதுதான் தான் எதைக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று அவருக்குப் புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகும், தெரிந்திருந்தால் வைத்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்திலும் ஆத்திரம்.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடியது. ராஜமாணிக்கம் மனுவைப் பார்த்து வருத்தப்பட்டு, விதிகளின்படி நிராகரித்தார். மாப்பிள்ளைக்கு வேறு ஆள் ஜாமீன் போட்டு வேன் வந்துவிட்டது. வேனில் மாலையெல்லாம் போட்டு மலை சுற்றி வந்ததைப் பீபி ஜான் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

ஆவணி முடிந்தது. அப்பாதுரை கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு வீட்டை லாட்ஜ் கட்டப்போகிற அப்பாசாமிக்கு எழுதிக் கொடுத்தார். இவர்கள் இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில், ஜாஸ்தி வாடகைக்குப் போனார்கள்.

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அப்பாசாமி வந்தார். கார்த்திகை தீபம் முடிந்த பிறகுதான் இடிக்கப் போவதாகச் சொன்னார். அதுவரைக்கும் சிமெண்ட்டு மூட்டையும் கம்பியும் உள்ளே இறக்கிவைக்க வேண்டும். காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு தினம் ஒரு தரம் வந்து பார்த்தால் போதும், மாதம் ஏதாவது தந்துவிடுகிறேன் என்று மதார் சாகிப்பிடம் சாவியை நீட்டினார்.

"ஊர்ல நாலு பேருகிட்ட விசாரிச்சேன் பாய். சங்கத்துத் தலைவரே சொன்னாருன்னா பாத்துக்குங்களேன். கோடி ரூபாயக் கூட பாய்கிட்ட தைரியமா குடுத்துட்டுப் போலாம், ஒரு பைசா கொறையாதுன்னாரு."

மதார் சாகிப்பின் கை வழக்கம் போல நீண்டது. பீபி ஜான் நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அவரு வாயால சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்து போட்டு, முத்திரை குத்தித் தரச் சொல்லுங்க. அதை எங்க கையில குடுங்க. அப்புறம் சாவிய வாங்கிக்கறோம்."

அப்பாசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாவியை நீட்டிய கையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். பீபி ஜான் முறத்தையும் பீடித் தட்டையும் எடுத்து வண்டியில் போட்டுவிட்டு, புருஷனை முன்னால் நடக்கச் சொன்னாள்.