பேசினுக்குப் பூசிய சேறு

பதுர்தீன் ஹாஜியார் தொலைபேசியை வைத்ததிலிருந்து ஜெனோசனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நலம் விசாரித்தார். மனைவி சுஜிக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிய மகள் அமானி வீட்டைப் பார்க்க வருகிறாளாம்.

"பெரிய செலவு ஒண்டும் வேணாம் தம்பி. அந்த பேசினையும் கொமட்டையும் வெள்ளையாக்கி வைங்க. மகள் பாத்தாப் போதும்."

மகள் ஏன் பார்க்க வேண்டும்? இவர்கள் குறிஞ்சிப்பிட்டிக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தக் குளியலறை நாறிக்கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் பட்டுப் பட்டு, கை கழுவும் பேசின் மஞ்சளாகி, குழாய்க்கு நேர் கீழே கபில நிறத்தில் ஒரு நீளக் கறை இறங்கியிருந்தது. கழிப்பறைக் கொமட்டின் பளபளப்பு எப்போதோ போய்விட்டது. எத்தனை தரம் சொல்லியும் ஹாஜியார் பார்ப்போம் என்பதற்கு மேல் போனதில்லை. இப்போது, ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அவருக்கு பேசின் ஞாபகம் வருகிறது.

காற்றுக்காலம் தொடங்கியிருந்தது. பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களால் கற்பிட்டிப் பக்கம் ஓர் அறைகூட மலிவாகக் கிடையாது. இந்த வீடு போனால் புத்தளத்துக்குத்தான் போக வேண்டும். சுஜிக்கு இது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில், கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் மிஸ்ஸுக்கு அவளைப் பெயர் சொல்லித் தெரியும். பிள்ளை பிறக்கும்வரை வீடு மாறுகிற கதையே எடுக்கக்கூடாது என்று சுஜி சொல்லியிருந்தாள்.

சந்தியில் ஆட்டோ ஓட்டும் அஸ்மியிடம் ஜெனோசன் இதைச் சொன்னான். அஸ்மி சிரித்தான்.

"உனக்கு முந்தி இருந்த டீச்சர் குசினிக்கு டைல்ஸ் பதிச்சா மச்சான். பதிச்ச கையோட வீடு காலி. நீ இப்ப பாத்ரூமைச் செஞ்சு குடு. பிறகு வெள்ளைக்காரன் வந்து குளிப்பான்."

அது போதுமாக இருந்தது. ஜெனோசன் வீட்டுக்கு வந்து, வெள்ளையாக்கிக் கொடுத்தால் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள், தூரிகையைத் தொடமாட்டேன் என்று சுஜியிடம் சொன்னான். அவள் கேட்கவில்லை. ஹாஜியார் என்ன நினைத்தாலும் அந்தக் கொமட்டில் இருக்கப்போவது தான்தான் என்றாள். பெறுமாதத்தில் அந்த அழுக்குக்குள் போய்வர ஏலாது என்றும் சொன்னாள். கடைசியில் அவன் கடைக்குப் புறப்பட்டான்.

ஹார்ட்வெயார் கடையில் குளியலறைப் பூச்சு விற்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு ஜெனோசன் வெளியே வந்தான். அவன் வேலை செய்வது யாக்கோபுவின் தோட்டத்தில், பைபர் படகு பழுதுபார்க்கிற இடத்தில். படகுக்கு வெளியே பூசும் ஜெல்கோட் அங்கே வாளியடியில் எப்போதும் மிச்சமிருக்கும். கடல் உப்பையே தாங்குகிற பூச்சுக்கு ஒரு பேசின் எம்மாத்திரம்? யாக்கோபு வாளியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னான். பூச்சை இறுக வைக்கும் ஹார்ட்னரும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான்.

முதலில் அசிட் போட்டுக் கழுவினான். பிறகு தண்ணீரில் நனைத்த சாண்ட் பேப்பரால் பேசினையும் கொமட்டின் வெளிப்புறத்தையும் மங்கும்வரை தேய்த்தான், தின்னர் போட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட்டான். புதன்கிழமை ஒரு பூச்சு, வியாழன் மறு பூச்சு. பைப்புக்குப் பொலித்தீன் சுற்றிக் கட்டிவிட்டு, கிணற்றடியில் குளித்தார்கள்.

வியாழன் பின்னேரம் சுஜி குளியலறை வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தாள். பேசின் முட்டை ஓடு மாதிரி இருந்தது. அவள் முகம் மலர்ந்ததை ஜெனோசன் கண்டான். வெள்ளைக்காரன் வந்து குளிப்பான் என்று அஸ்மி சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு நன்றாக வந்திருக்கக்கூடாது.

வெள்ளி காலை சுஜி கிளினிக்குக்குப் போனாள். அவளை ஏற்றிப்போன அஸ்மி, திரும்பி வரும் வழியில் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஜெனோசனிடம் இன்னொரு செய்தி சொன்னான். கடற்கரையில் அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிற ஹோட்டல்காரனின் வண்டி நேற்று ஹாஜியார் வீட்டு வாசலில் நின்றதாம்.

ஜெனோசன் யோசிக்கவில்லை. ஏணி வைத்துத் தண்ணீர்த் தாங்கியில் ஏறினான். அடியில் மண்டியிருந்த கபிலச் சேற்றைக் கையால் வழித்து ஒரு கோப்பையில் எடுத்தான். பேசினின் குழிக்குள், விளிம்பில், கொமட்டின் கழுத்தில், சீலைத் துண்டால் ஒற்றி ஒற்றிப் பூசினான். இப்படியொரு குளியலறையோடு எந்த ஹோட்டல்காரனும் வீட்டை எடுக்கமாட்டான். ஹாஜியாரும் மகளும் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போகட்டும். போனதும் கழுவிவிடலாம். படகில் எத்தனை தரம் சேறு பட்டிருக்கிறது, கழுவினால் போய்விடும்.

படகு வெயிலில் நிற்பது. காலையில் பூசினால் பின்னேரம் பூச்சு கல்லாகிவிடும். குளியலறையில் வெயில் கிடையாது, ஈரம்தான் உண்டு. அங்கே ஜெல்கோட்டின் மேல்தோல் இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பூசும்போது சீலை ஒட்டி ஒட்டி வந்தது. அது அவன் விரலுக்குத் தெரிந்தது. மனம் ஹோட்டல்காரனின் வண்டியில் இருந்தது.

ஜும்மா முடிந்து அவர்கள் வந்தபோது சுஜியும் வந்துவிட்டாள். ஆனால் இன்னும் குளியலறைப் பக்கம் போகவில்லை. ஹாஜியார் முன்னறையில் கதிரையில் அமர்ந்து வியர்வை துடைத்தார். அமானி கறுப்பு அபாயாவில், கையில் போனுடன், நேரே குளியலறைக்குப் போனாள். ஜெனோசனின் கண் ஹாஜியாரின் முகத்திலேயே இருந்தது. தீர்மானம் எடுப்பவர் அவர். மகளைக் காட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறார் என்றே அவன் நினைத்திருந்தான்.

உள்ளே விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அமானி கூப்பிட்டாள். ஜெனோசன் போனான், பின்னால் சுஜி.

"இதென்ன?"

"தண்ணி அப்பிடி," என்றான் ஜெனோசன். "எவ்வளவு கழுவினாலும் வரும்."

அமானி விரலால் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தாள். கறை வரவில்லை. விரல் ஒட்டியது.

"நான் இந்தத் தண்ணிலதான் வளர்ந்தன். கறை பைப்புக்கு நேர கீழதான் இறங்கும். விளிம்பு சுத்தி எப்பிடி ஏறினிச்சு?"

சுஜி எட்டிப் பார்த்தாள். பேசினைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவனுடைய நகக்கண்ணில் கபில நிறம் இருந்தது.

"நேற்று வெள்ளையா இருந்தது அக்கா," என்றாள் மெதுவாக.

அமானி சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை, களைத்துப்போன மாதிரித்தான் இருந்தது. வீடு தன் பெயரில் இருக்கிறது என்றாள். கலியாணத்துக்கு வாப்பா எழுதிக் கொடுத்தது, வாடகை வாங்குவதுதான் வாப்பா வேலை. புருஷன் கட்டாரில் வேலை. ஹோட்டல்காரன் கேட்கிறான், கொடுப்போம் என்று புருஷன்தான் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"நான்தான் தடுத்தன். இரிக்கிற ஆக்கள் வீட்டப் பாத்துக்கொள்ளுறவங்க, வயித்துப் பிள்ளைக்காரி வேற, ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுப்பம் எண்டு சொன்னன். அவருக்கு போட்டோ அனுப்புறன் எண்டு சொல்லித்தான் வந்தன்."

ஜெனோசன் வாய் திறந்தான். டீச்சருக்கு நடந்தது தெரியும் என்றான். அமானிக்கு முதலில் விளங்கவில்லை.

"பரீனா டீச்சரா? அவவுக்கு மாற்றம் வந்து சிலாபத்துக்குப் போனா. டைல்சுக்கு வாப்பா வாடகையில கழிச்சு விட்டாரு. இப்பவும் பெருநாளைக்குப் பலகாரம் குடுத்து அனுப்புவா."

இதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள் என்று ஜெனோசன் நினைத்தான். கேட்காத கேள்விக்கு இவ்வளவு விரைவாகப் பதில் சொல்பவளை எப்படி நம்புவது?

சேற்றைத் தேய்த்து எடுத்து மறுபடி பூசிவிடலாம், ஒரு கிழமை போதும் என்று சுஜி கெஞ்சினாள். அமானி போனைப் பார்த்தாள். புருஷன் இன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹோட்டல்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். அவள் படம் எடுக்கவில்லை. இந்தப் பேசினைக் காட்டினால் புருஷன் சிரிப்பார், காட்டாவிட்டால் ஏன் காட்டவில்லை என்று கேட்பார் என்றாள். சுஜியின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். ஹாஜியார் தேத்தண்ணியைப் பாதி குடித்தபடி எழுந்தார்.

அடுத்த நாள் அவர் அழைத்தார். குரல் கம்மியிருந்தது. மருமகன் ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டார், ஒப்பந்தம் முடிய வீடு வேண்டும். பிள்ளை பிறக்கும்வரையாவது விடச் சொல்லித் தானும் மகளும் கேட்டும் மருமகன் இணங்கவில்லை என்றார். முற்பணத்தில் ஒரு சதம் குறையாது, புத்தளத்தில் தெரிந்த இடத்தில் வீடு விசாரித்துத் தருகிறேன் என்றார். ஜெனோசன் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தான்.

சுஜி அப்போது அலுமாரியின் முன்னால் உட்கார்ந்து, பிள்ளைக்கென்று தைத்த சின்னச் சட்டைகளை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். போனில் பேசியதிலேயே அவளுக்கு விளங்கியிருந்தது.

"நான் சொன்னனான்தானே," என்றான் ஜெனோசன். அவனுடைய குரலில் ஒரு திருப்திகூட இருந்தது. "முதல் நாளே சொன்னன், எங்களை எழுப்பப்போறாங்கள் எண்டு. நீ நம்பேல்ல."

சுஜி சட்டையொன்றை மடித்தாள்.

"ஓம். சொன்னபடியே செய்து முடிச்சுப் போட்டியள்."

ஜெனோசன் வாசலில் போய் நின்றான். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்தான். நேற்று அந்த அமானி போகும்போது இவளுடைய தோளைத் தொட்டாளே. தொட்டுக்கொண்டு காதுக்குள் ஏதும் கதைத்தாளோ?