வடக்குச் சுவர் இல்லாத வீடு

கொட்டுகிற மழையில் படுக்கையறையின் வடக்குச் சுவரிலிருந்து செங்கல் செங்கலாகக் காணாமல் போய்க்கொண்டிருக்க, புரொபசரின் மனைவி ஓட்டையில் ஒரு தலையணையைத் திணித்து முழங்கையால் அழுத்திக்கொண்டே கத்தினாள். "என்னங்க! மறுபடியும் 'இது வெளிப்படை'ன்னு எழுதித் தொலைச்சிட்டீங்களா?"

எழுதித்தான் இருந்தார். கணித நிரூபணத்தில் புரொபசர் சில வரிகளைத் தாவி 'இது வெளிப்படை' என்று போட்டால் வீட்டில் செங்கல் மறையும். விட்டதை எழுதினால் பூச்சோடு திரும்பி வரும். முதல் புத்தகம் எழுதியபோது சமையலறையில் பூனை நுழைகிற அளவுக்கு ஓட்டை. இரண்டாவதில் குளியலறைச் சுவர் தெருப்பக்கமாகத் திறந்துகொண்டது. அந்த வாரம் மனிதர் எழுந்திருக்காமல் ஒரு வரி விடாமல் எழுதினார். மாணவர்களுக்குப் புரிகிற அவருடைய ஒரே புத்தகம் அதுதான். மூன்றாவதின் கடைசிப் பக்கத்தில் தன் வாழ்நாளின் பெரிய தேற்றத்தைச் சொல்லிவிட்டு, 'நிரூபணம் வெளிப்படை' என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். அவர் பேனாவை மூடுவதற்குள் சுவர் முழுசாகப் போய், தலையணை தெருவில் விழுந்தது. கூரை மட்டும் அந்தரத்தில் நின்றது.

மறுநாள் வந்த நகராட்சி இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். "அடுத்த மழைக்குள்ள சுவர் வரணும் சார். இல்லேன்னா வீட்டை இடிச்சிடுவோம்."

"நிரூபணம் தலைக்குள்ள இருக்கு. உட்கார்ந்து எழுதணும், அவ்வளவுதான்."

"உங்க தலை இருக்கட்டும். இது யார் தலையில விழும்?"

புரொபசர் எழுதி எழுதித் தாள் தாளாகக் கிழித்தார். ஒரு செங்கல்கூட வரவில்லை. மனைவிக்கோ உலகத்தில் இருந்தது இந்த ஒரு வீடுதான். மேகம் கறுத்த அன்று இன்ஜினியர் கடப்பாரை ஆட்களோடு வந்து நின்றபோது, அவள் கட்டிலைத் தரதரவென்று இழுத்து, சுவர் இல்லாத பக்கம் கூரைக்கு நேர் கீழே போட்டுக் கால் நீட்டிப் படுத்தாள். "இடிக்கிறதா இருந்தா என்னையும் சேர்த்து இடிங்க." அவர்கள் கையைப் பிசைவதற்குள் புயல் வந்துவிட்டது. நகராட்சி அலுவலகத்தின் தகரக் கூரை அவர்கள் தலைக்கு மேலேயே பறந்து போனது. இந்தக் கூரை மட்டும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இன்ஜினியரும் ஆட்களும் கட்டிலைச் சுற்றி ஒண்டி நின்றார்கள். மழை விட்டதும் இன்ஜினியர் இடிக்கும் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நல்ல காத்து வருதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் புரொபசர் நாலு புத்தகம் எழுதினார், எல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகளோடு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் கணிதக்காரர்கள் வந்து, தேற்றம் தப்பென்றால் கூரை எப்படி நிற்கும் என்று அதன் கீழே நின்று சண்டை போட்டார்கள். அவள் கட்டில் மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கடைசியில் நோயில் விழுந்த புரொபசர் அவள் கையைப் பிடித்தார். "ஒண்ணு சொல்லணும். அந்தத் தேற்றத்துக்கு நிரூபணம் என்கிட்ட எப்பவுமே இருந்ததில்ல."

"தெரியும். இருந்திருந்தா குளியலறைக்கு எழுதின மாதிரி ஒரே வாரத்துல எழுதியிருப்பீங்க."

"தெரிஞ்சுமா அந்தக் கூரைக்கு அடியில போய்ப் படுத்தே?"

"தாவுறது உங்க புத்தி. தப்பான இடத்துல குதிச்சு நான் பார்த்ததில்லையே" என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டாள்.

அவர் போன பிறகும் சுவர் வரவில்லை. கூரை நிற்கிறது, அவள் அங்கே துணி காயப்போடுகிறாள்.