எமல்டாவின் நாற்காலி

எமல்டா செத்த பிறகும் முத்தம்மா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனாள். அது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள் ஞானஸ்நானம் வாங்கியவள் இல்லை. நெற்றியில் முண்டகக்கண்ணி அம்மன் குங்குமத்தோடுதான் பதினோரு வருஷமாக மாதா சுரூபத்துக்கு நேரே பாயில் உட்கார்ந்து வருகிறாள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. பக்கத்தில் எமல்டா இருந்தாள். எமல்டா கூட்டி வந்த ஆளை ஏனென்று கேட்கிற தைரியம் பட்டினப்பாக்கத்தில் எவருக்கும் கிடையாது.

இருவரும் சித்தாள்கள், ஒரே மேஸ்திரியிடம். தளம் போடும்போது ஏணியில் எமல்டா மேலே நிற்பாள், முத்தம்மா கீழே. கலவை அள்ளிய பாண்டுச் சட்டி கை மாறி மேலே போகும். இவள் பார்க்காமலே கொடுப்பாள், அவள் பார்க்காமலே வாங்குவாள். முத்தம்மா ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து நாலு மாசம் கிடந்தபோது, கஞ்சி ஊட்டியதும் பீ மூத்திரம் அள்ளியதும் எமல்டாதான். எழுந்து நடந்த முதல் ஞாயிறு, "உன் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துர்றேங்கா" என்று கூடவே வந்தவள், பிறகு வருவதை நிறுத்தவில்லை.

"மதம் மாறணுமாக்கா?" என்று ஒருதரம் கேட்டாள்.

எமல்டா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க அம்மனும் எங்க மாதாவும் பேசிக்கினு தீத்துக்குவாங்க. நீ இன்னாத்துக்குடி நடுவுல பூர்ற?"

நற்கருணை அப்பம் வாங்க எமல்டா வரிசையில் போவாள். ஞானஸ்நானம் இல்லாத முத்தம்மா பாயிலேயே இருப்பாள். திரும்பி வந்ததும் வாய் திறக்காமல் இவள் கையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு அவள் முழங்காலிடுவாள். பொங்கல் கழிந்து மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அந்த நேரம் வந்தாலே முத்தம்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள். தொடைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். எதுவும் சரிப்படவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் கொரட்டி டீச்சர் அவளை நிறுத்தினாள். தெருவில் பதினைந்து இருபது வீடு சேர்ந்து செபம் சொல்லும் அன்பியத்துக்கு டீச்சர்தான் தலைவி.

"பெரிய வியாழன் அன்னைக்கு, இயேசு சீடருங்களுக்குக் கழுவுன மாதிரி, ஃபாதர் பன்னெண்டு பேருக்குக் கால் கழுவுவாருல்ல, முத்தம்மா? நம்ம அன்பியத்துல இந்த வருஷம் எமல்டா பேரக் குடுத்திருந்தோம். கிறிஸ்மஸ்லயே குடுத்தாச்சு."

"ம்."

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு என்கிட்ட சொல்லிச்சு, 'என் நாற்காலில முத்தம்மாவ குந்த வை'ன்னு. ஃபாதர்கிட்ட கேட்டேன். சரின்னுட்டாரு." அவர் சரியென்றது டீச்சருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "வரலன்னா இப்பவே சொல்லிடு. வேற ஆள் இருக்காங்க."

வரவில்லை என்றுதான் முத்தம்மாவுக்கு வாயில் வந்தது. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால், எமல்டா இல்லையென்று ஊரறிய ஒப்புக்கொண்ட மாதிரி. உட்காராவிட்டால் அவள் கடைசியாகக் கேட்டதைத் தட்டிய மாதிரி. அதற்கப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இங்கே பாயில் வந்து குந்துவது?

"வரேன்" என்றாள்.

"அஞ்சரைக்கு வந்துரு. கால நல்லா தேச்சுக் கழுவிட்டு வா."

மூன்று நாள் சாயங்காலமும் கருங்கல்லில் குதிகாலைத் தேய்த்தாள். தேங்காய் எண்ணெய் வைத்து ஊறவிட்டாள். இருபத்தைந்து வருஷத்துச் சிமெண்டு. வெடிப்புக்குள் சாம்பல் கோடாக உட்கார்ந்திருந்தது, போகவில்லை.

வியாழக்கிழமை பார்த்து அடையாறில் தளம் போடும் வேலை வந்து விழுந்தது. தளத்தைப் பாதியில் விட முடியாது. விட்டால் அந்த ஒட்டில் மழைக்கு ஒழுகும். மூன்று மணிக்கு முடிய வேண்டியது, கலவை மெஷின் மக்கர் பண்ணி இழுத்துக்கொண்டே போனது.

"நைனா, நான் போவணும். கோயில்ல சொல்லிக் கீறாங்க" என்றாள் உபைத் மேஸ்திரியிடம்.

"உன் ஜதை இருந்தா வுட்டுருப்பேன். ரெண்டாளு வேலய ஒத்தையா பாக்கும் அது. இப்ப உன்னையும் வுட்டா பாண்டு எவன் தூக்குவான், நானா?" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கி, "முடியட்டும். நானே வண்டில கொண்டாந்து வுடறேன்" என்றார்.

ஐந்தே முக்காலுக்குக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "எமல்டாவுக்காக நானும் அல்லாகிட்ட சொல்லிக்கினுதான் கீறேன். உள்ள போய் சொல்லு."

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் கலவை தெறித்துக் காய்ந்து வெளுத்திருந்தது.

"இன்னா முத்தம்மா இது! கழுவிட்டு வரச் சொன்னேன்ல?"

"கழுவத்தானே டீச்சர் கூப்ட்டீங்க?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அவசரத்தில் வந்துவிட்டது. பின்னால் யாரோ பாட்டுப் புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் அவளைப் பன்னிரண்டாவது நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

பிரசங்கம் முடிந்தது. ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலி முன்னும் மண்டியிட்டார். மற்ற பதினோரு பேரும் குதிகாலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சொம்பு. தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர் தெளிவாகவே கிடந்தது.

முத்தம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "வேணாம் சாமி. சிமெண்டு."

"குடும்மா" என்றார் அவர், கையை நீட்டியபடி.

முதல் சொம்பில் தண்ணீர் கலவைப் பாலாக மாறியது. இரண்டாவது கேட்டு வாங்கினார். கட்டைவிரலால் குதிகாலை அழுத்தித் தேய்த்தார். மூன்றாவது சொம்பு வருவதற்குள் பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் முதலிலிருந்து தொடங்கியது.

"எமல்டாவுக்கு நீங்க என்ன வேணும்?" மெதுவாகக் கேட்டார்.

"ஜதை, சாமி. ஏணில அவ மேல, நான் கீழ."

அவர் தலையாட்டினார். துடைத்தார். குனிந்து காலில் முத்தமிட்டார். துண்டில் சாம்பல் நிறம் அப்பியிருந்தது. வெடிப்புக்குள் இருந்தது அப்படியேதான் இருந்தது.

எமல்டா இப்போது எப்படிச் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று பார்க்க, முத்தம்மா பழக்க தோஷத்தில் பெண்கள் பக்கம் திரும்பினாள். கோயில் நிரம்பி வாசல்வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் மாதா சுரூபத்துக்கு நேரே பாயில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. இத்தனை நாள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. அது இரண்டு ஆள் உட்காருகிற இடம். தைமாசத்திலிருந்து ஒருத்தரும் அதில் நகர்ந்து உட்காரவில்லை.

பன்னிரண்டு பேரும் எழுந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். முத்தம்மா ஈரக்காலோடு நடந்து போனாள். அங்கிருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். எமல்டாவின் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, தன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு சொம்பு ஆச்சுக்கா" என்றாள் உதடு அசையாமல்.