அனிபால் பார்க்காத எலும்பு

நான் பனிப்பலகை பழகப் போகிறேன் என்று சொன்னபோது அனிபால் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். குடுவையில் தண்ணீர் தீர்ந்து கொர்ரென்று சத்தம் வந்தது. அப்போதும் குழலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"எந்தப் பலகைல?" என்றான் கடைசியில்.

"மாகாலியோடது. கதவுக்குப் பின்னாடி சும்மாதானே நிக்குது. அவ பூட்ஸும் எனக்குப் பொருந்துது. போட்டுப் பாத்துட்டேன்."

"போட்டே பாத்துட்டியா?"

மாகாலி எங்கள் மகள். கொமொதோரோ நகரத்துக்குப் படிக்கப் போனவள், பலகையை எங்களிடம் விட்டுவிட்டு ஹெல்மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். நான் எஸ்கெல் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுப்பவள். நாற்பத்தேழு வயது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலைதான். ஆனாலும் நான் மேலே போனதெல்லாம் அனிபால் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கத்தான். சறுக்குவது வெளியூர்க்காரர்களின் வேலை. அவர்கள் ஊர் திரும்பச் சீட்டு கொடுப்பது என் வேலை. விழுந்தவர்களைக் கீழே கொண்டுவருவது அனிபாலின் வேலை. இந்தக் குளிர்காலத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு ஞாயிறுதோறும் இலவசப் பயிற்சி என்று அறிவித்தார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அனிபால் மலை மீட்புக்குழுவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறான். அதனால் வந்த வியாதி ஒன்று அவனுக்கு உண்டு. மனிதர்களைப் பார்த்தால் அவனுக்கு எலும்புதான் தெரியும். கல்யாண வீட்டில் யாராவது சுழன்று ஆடினால் எனக்குக் காது கேட்கும்படி "அந்த முழங்கால் போச்சு" என்பான். அந்த வாரம் முழுக்க அவன் கண்ணில் பட்ட எலும்பெல்லாம் என்னுடையதுதான். உப்பை எடுத்துக்கொடுக்கும் சாக்கில் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். தலை துவட்டும்போது பின்னால் வந்து நின்று மண்டையின் பின்புறத்தை விரலால் தட்டினான்.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. இங்கதான் அடிபடும். பலகைல பின்னாடி விழுந்தா இங்கதான்."

வெளியே மேற்குக் காற்று தகரக் கூரையை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. இவன் உள்ளே அதே போல. உட்காருவான், எழுந்திருப்பான், அடுப்பில் விறகு இருக்கிறதா என்று பார்ப்பான், இருக்கும், மறுபடியும் உட்காருவான். எனக்கும் தொற்றிக்கொண்டது. சீட்டு கேட்டு நிற்பவரிடம் பரிலோச்சேவுக்குப் பதில் மத்ரினுக்குக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

சனிக்கிழமை செலெஸ்தேவின் கடைக்குப் போனோம். பனிச்சறுக்குச் சாமான்களை விற்பாள், வாடகைக்கும் விடுவாள். என் வயதுக்காரி. பள்ளியில் எனக்கு முன் பெஞ்சு.

"வாங்க எலும்பு டாக்டரே," என்றாள் அனிபாலைப் பார்த்து. "யாருக்கு ஆபரேஷன்?"

"இவளுக்கு. பலகை ஏறப் போறா."

செலெஸ்தே கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ரொக்ஸி! நிஜமாவா? அப்பாடா, இந்த ஊர்ல ஒருத்திக்காவது புத்தி வந்துச்சே!"

அனிபால் அதற்குள் ஹெல்மெட் அலமாரிக்குப் போய்விட்டான். ஒன்றை என் தலையில் வைத்து, வாரைப் போடாமலே தலையை ஆட்டச் சொன்னான். ஆட்டினேன். ஹெல்மெட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம்.

"பெருசு. நெத்தித் தோலும் கூடவே நகரணும். அதான் கணக்கு."

இரண்டாவது நெற்றியை இறுக்கியது. மூன்றாவது அச்சாகப் பொருந்தியது, ஆனால் அழுகிய பூசணி நிறம். சிவப்பு ஒன்று இருந்தது, அழகாக இருந்தது. அதை எடுத்தேன்.

"அது வாடகைக்கு விட்டது. அடி வாங்கியிருக்கலாம். உள்ள இருக்கற நுரை நசுங்கியிருந்தா வெளிய தெரியாது. வேண்டாம்."

"ஏய், என் கடைல அடி வாங்குனதை வைக்க மாட்டேன்," என்றாள் செலெஸ்தே.

"நான் உன்னைச் சொல்லல. வாடகைக்கு எடுத்தவன் உங்கிட்ட சொன்னானா?"

செலெஸ்தே சிவப்பை வாங்கி அலமாரியில் திருப்பி வைத்தாள். நான் பூசணியை எடுத்துக்கொண்டேன்.

மணிக்கட்டுக் காப்புக்கு அரை மணி நேரம் ஆனது. குட்டையான தகடு வைத்த ஒன்றை செலெஸ்தே காட்டினாள். அனிபால் அதை வளைத்துப் பார்த்தான். வளையவில்லை. "இது மணிக்கட்டைக் காப்பாத்தும், முறிவை முன்னங்கைக்கு அனுப்பும்," என்றான். நீளமாக, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற ஒன்றைத் தேடிப்பிடித்தான். அதை மாட்டிக்கொண்டால் என் கையுறை நுழையவில்லை. அதனால் பெரிய கையுறை. பெரிய கையுறையின் வாய் மேல்சட்டைக் கைக்குள் போகவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். இருவரும் ஆளுக்கொரு கையில் போராடினார்கள்.

"விழறப்போ விரலை விரிக்காதே," என்றான் அனிபால். "முஷ்டி. சொல்லு."

"முஷ்டி."

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழங்கால் பட்டை எடுத்தான். முழங்கை எடுத்தான். ஆமை ஓடு போல முதுகுக் கவசம் ஒன்றை எடுத்து என் தோளில் மாட்டினான். கடைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தான். ஒன்றை எடுப்பான், வைப்பான், மறுபடியும் திரும்பி வந்து அதையே எடுப்பான். பின்னால் யாரோ சளிபிடித்த குழந்தையோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அனிபால், அவ குழந்தைங்க சறுக்கற மேட்டுல நிக்கப் போறா," என்றாள் செலெஸ்தே. "போருக்கு அனுப்பறியா?"

"குழந்தைங்க மேட்டுலேர்ந்துதான் போன வாரம் ஒருத்தியைத் தூக்கிட்டு வந்தேன்."

செலெஸ்தே சாமான்களை மூட்டை கட்டிவிட்டு, அவசரமாக அந்தக் குழந்தையின் பூட்ஸைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். பூசணித் தலையோடு ஓர் ஆமை நின்றுகொண்டிருந்தது.

ஞாயிறன்று காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. பயிற்சி கொடுத்த பெண் ஐலின். இருபத்திரண்டு வயது இருக்கும், வாயில் எப்போதும் மிட்டாய். எங்களை வரிசையாக உட்காரவைத்துக் காலைப் பலகையில் கட்டச் சொன்னாள். நான் குனியப் பார்த்தேன். முதுகுக் கவசம் கழுத்தில் வந்து இடித்தது. முழங்கால் பட்டை மடங்கவில்லை. பக்கத்தில் இருந்த தபால்காரர் என் வாரைக் கட்டிவிட்டார். எழுந்து நின்றேன், இரண்டு அடி நகர்ந்தேன், விழுந்தேன். விழுந்தது வலிக்கவேயில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கவிழ்த்துப்போட்ட வண்டு மாதிரி கிடந்தேன். வேலி ஓரத்தில் சிவப்புச் சட்டையோடு அனிபால். சறுக்கி இறங்கும் பாதைகளை இங்கே ஓடை என்போம்; அன்று அவன் முறை மேல் ஓடையில். இங்கே என்ன வேலை?

"முஷ்டி! முஷ்டி வைக்கல நீ!" என்று கத்தினான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பலகையைக் கழற்றினேன். வேலிக்கு நடந்தேன். மேல்சட்டையைத் திறந்து முதுகுக் கவசத்தை உருவி அவன் கையில் கொடுத்தேன்.

"இந்தா, பிடி."

"ரொக்ஸானா..."

"பிடின்னேன்." முழங்கை. முழங்கால். ஒவ்வொன்றாக. "ஹெல்மெட்டும் கைக்காப்பும் இருக்கட்டும். அது நியாயம். மத்ததெல்லாம் உன் பயம். உன் பயத்தை நீயே போட்டுக்கோ கிழவா, நான் ஏன் சுமக்கணும்?"

அவன் பதில் சொல்வதற்குள் மார்பில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. அவனோடு வேலை பார்க்கும் துரானின் குரல். "அனிபால், எங்கே இருக்கே? மூணாவது ஓடை. பையன் ஒருத்தன், முதுகு. காலை அசைக்க மாட்டேங்கறான்."

அனிபால் கையிலிருந்ததைப் பனியில் போட்டான். என் முகத்தைப் பார்த்தான், ஒரு நொடிதான். பிறகு போய்விட்டான்.

நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேலே, செங்குத்தான ஓடையில், சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. பனியில் சறுக்கிப் போகும் காலி மீட்பு வண்டியின் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவன் பக்கவாட்டில் இறங்கினான். பத்தொன்பது வருடம் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன், இதை நான் பார்த்ததில்லை. வீட்டில் விறகை நாலு தடவை பார்க்கிற மனிதன் இவன். அங்கே அவன் உடம்பில் ஒரு தயக்கம்கூட இல்லை. திருப்பத்தில் மறைந்தான்.

கோபம் போய்விட்டது. ஆனால் அது போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. சும்மா நிற்க முடியவில்லை. ஐலினிடம் போனேன். "சொல்லிக்கொடு," என்றேன்.

இப்போது குனிய முடிந்தது. விழுந்தேன், எழுந்தேன். முன்னால் விழுந்தபோது முஷ்டி, கைக்காப்பு பனியில் இடித்தது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியத்துக்குள் பலகையைக் குறுக்கே வைத்துச் சருகு மாதிரி இறங்கப் பழகிவிட்டேன். ஐலின் கம்பியில் ஓடும் தொங்கு நாற்காலியில் சின்ன ஓடைக்குக் கூட்டிப்போனாள். நாற்காலியிலிருந்து இறங்கி, நின்று, நாலைந்து கெஜம் தூரம் சறுக்கியிருப்பேன். மூன்றாவது ஓடை தெரிகிறதா என்று தலையைத் திருப்பினேன். பலகையின் குதிகால் பக்கத்து விளிம்பு பனியில் குத்தியது. அவ்வளவுதான். ஆள் உயரத்திலிருந்து கல்லில் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன்.

கண் இருண்டது. தலையும் பின்னால் அடித்தது, ஆனால் அதை நான் சத்தமாகத்தான் கேட்டேன், வலியாக அல்ல. பூசணி காப்பாற்றியது. வலி எல்லாம் கீழே. வால் எலும்பில்.

"எழுந்திருக்காதீங்க, முட்டி போட்டு இருங்க," என்றாள் ஐலின். "மெத்தை வச்ச அரைக்கால்சட்டை உள்ள போடலையா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

மிட்டாய் அவள் வாயிலிருந்து விழுந்தது. "எல்லாரும் முதல்ல வாங்கறதே அதுதானே! உங்க வீட்டுக்காரர் மீட்புக்குழுன்னு சொன்னீங்க?"

அவனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவனுக்கு அங்கே காலை அசைக்காத ஒருவன் இருக்கிறான். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓடை ஓரமாக, பல்லைக் கடித்துக்கொண்டு என் காலிலேயே இறங்கினேன்.

அனிபால் வீட்டுக்கு வந்தபோது நான் அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே பருப்புக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தான். புரிந்துவிட்டது.

"வால் எலும்பா?"

"ம்."

நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். சிரிக்கிறானோ என்று நினைத்தேன். இல்லை.

"நான் அதை நினைக்கவேயில்ல," என்றான். "ஒரு தடவைகூட தோணல. வால் எலும்புல அடிபட்டவன் என்னைக் கூப்பிட மாட்டான், ரொக்ஸானா. எழுந்து நொண்டிக்கிட்டே கீழே போயிடுவான். என் வண்டில வந்ததுதான் எனக்குத் தெரியும். வராததை நான் பாத்ததே இல்ல."

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. "அந்தப் பையன்?" என்றேன்.

"காலை அசைச்சுட்டான். ஆஸ்பத்திரில இருக்கான், நடப்பான்னு சொல்றாங்க." பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். "வண்டில அவனைக் கட்டறப்போ நெஞ்சு வாரைத் தப்பா மாட்டிட்டேன். துரான் பாத்துட்டு அவுத்து மறுபடியும் மாட்டினான். ஒரு வார்த்தை சொல்லல. என் கை அங்க இருந்துச்சு, மனசு உன் மேட்டுல இருந்துச்சு."

தட்டைத் தள்ளிவைத்தேன்.

"அப்ப நான் விட்டுடணுமா?"

எழுந்து போய் அடுப்பில் விறகு இருக்கிறதா என்று பார்த்தான். விட்டுவிடு என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன். அவன் சொல்ல விரும்பியதும் அதுதான், முகத்தில் தெரிந்தது.

"வேணாம்," என்றான். "நான்தான் வேலிப் பக்கம் வராம இருக்கணும்."

"வருவே."

"வர மாட்டேன்."

"வந்தா துரான்கிட்ட சொல்லி உன்னைக் கட்டிப்போடச் சொல்வேன்."

"அவன் வாரை ஒழுங்கா மாட்டுவான்," என்றான். அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரித்தால் வலித்தது.

மூன்று வாரம் நின்றபடியே சீட்டு கொடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காரணம் கேட்டார்கள், எல்லோருக்கும் சொன்னேன். பாதிப் பேர் தாங்களும் அங்கே அடிபட்டவர்கள் என்று சொல்லிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். செலெஸ்தே மெத்தை வைத்த கால்சட்டையைத் தானே நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று கடையில் அவசரத்தில் அதைச் சொல்லாமல் விட்டதற்காக இரண்டு நாள் தூங்கவில்லையாம்.

அடுத்து நான் போன ஞாயிறன்று அனிபால் சொன்னபடி வரவில்லை. மேட்டில் நின்றபோது என் கண்தான் வேலிக்குப் போய்ப் போய்த் திரும்பியது. தொங்கு நாற்காலியில் ஏறினேன். மேலே வாக்கிடாக்கிச் சத்தம் எங்கேயோ கேட்டது, காதைத் தீட்டிக்கொண்டேன், யாரோ யாரையோ காபி குடிக்கக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். இறங்கினேன். இந்தத் தடவை தலையைத் திருப்பவில்லை. குதிகால் விளிம்பு, பிறகு விரல் விளிம்பு, மறுபடி குதிகால். மூன்று திருப்பம். யாரும் பார்க்கவில்லை. ஐலின் யாரோ ஒருவரின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மீட்புக்குழுக் குடிசைக்குச் சாப்பிடப் போனேன். அனிபால் மேஜையில் இருந்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தான். ஆனால் மேஜைக்குக் கீழே அவன் முழங்கால் குதித்துக்கொண்டே இருந்தது, தட்டுகள் ஆடின. நான் இறைச்சி அடைத்து மடித்த எம்பனாதா ஒன்றை எடுத்தேன். நிதானமாக, ஓரத்து மடிப்பு வரை முழுசாகத் தின்று முடித்தேன். அதற்குப் பிறகுதான் அந்த மூன்று திருப்பத்தைச் சொன்னேன்.