பாதிப் புடவை

பக்கத்து வீட்டு அர்ஜுனன் அண்ணன் வாயில் நல்ல வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை. அன்று காலையும் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சிம்லாவுல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா ஆச்சா? பாகிஸ்தான் சபையில ஓட்டு எடுக்கணும். ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் பேசிக்கினு இருக்கறாங்க. தள்ளிட்டா மறுபடியும் சண்டைதான். கைதியா இருக்கிறவன எவன் வுடுவான்?"

அந்தக் கைதி என் வீட்டுக்காரர் குமாரவேல். பட்டாளக்காரர். டிசம்பர் சண்டையில் பிடிபட்டு ஏழு மாதமாகப் பாகிஸ்தான் சிறையில் இருக்கிறார். செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 'நலம்' என்று ஒரே ஒரு அட்டை வந்தது. அவ்வளவுதான்.

போன வருஷம் லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு புடவை நெய்ய உட்கார்ந்தார். பூவோ கட்டமோ இல்லாத வெறும் அரக்கு நிறம். பாதியில் உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்தது, எழுந்து போனார். பெண்டாட்டிக்கென்று ஒருவன் நெய்கிற புடவையில், அவன் செத்தால்தான் அடுத்தவர் கை வைப்பது எங்கள் தெரு வழக்கம். நான் தினமும் அதைத் தூசி தட்டி, "இழையை நெருக்க அவர் பலகை அடிக்கிற அடி, துணியைத் தொட்டாலே எனக்குத் தெரியும்" என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார்தான்.

"ஐயோ மாமா, எழுந்திருங்க!"

"அவன் வரமாட்டான்மா. பாதியா நிக்கிறத பாத்துக்கினு என்னால முடியல."

"இன்னும் ஓட்டே போடல! உசுரோட இருக்கிற புள்ளைக்குக் கருமாதியா பண்றீங்க?"

அவர் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே விளக்கு வைக்கும்வரை நெய்தார். நான் அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

இரண்டு நாள் கழித்து அர்ஜுனன் அண்ணன் தெருவிலிருந்தே கத்தினார். "ஒத்துக்கினாங்கோ! ரேடியோல சொல்லிட்டாங்கோ!"

கைதிகளை எப்போது விடுவார்கள் என்று கேட்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.

திரும்பி வந்தால், மாமனார் தறிக்குழியில் இறங்கி, நெய்த இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவன் வுட்ட எடம் எதுமா? எனக்குக் கண்ணு தெரியல. உனக்குத்தான் அவன் அடி தெரியுமே."

குனிந்து தடவினேன். மறுபடியும் தடவினேன். என் வீட்டுக்காரருக்குத் தறி சொல்லிக்கொடுத்ததே மாமனார் கைதானே, எங்குமே வித்தியாசம் தெரியவில்லை.

"இங்கதான் மாமா," என்று ஓர் இடத்தில் விரலை வைத்தேன்.

அவர் என் விரலை நோக்கிப் பிரிக்கத் தொடங்கினார்.