மேற்குச் சரிவில் நீலக்கீற்று

அந்தத் தீவில் வருஷம் முழுக்கக் குடியிருந்தவர்கள் இரண்டே பேர்தான், அக்காவும் தம்பியும். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, தம்பிக்கு நாற்பத்தாறு. வாசலில் ஆய்வு நிலையம் என்று பலகை தொங்கினாலும் அது இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் மழைத்தண்ணீர்த் தொட்டியும் உள்ள தகரக்கூரை வீடு, அவ்வளவுதான். கிழக்குக் கரையின் பறவைகள் அக்கா பொறுப்பு. மேற்குச் சரிவின் பட்டாம்பூச்சிகள் தம்பி பொறுப்பு. பத்து நாளைக்கு ஒருமுறை சாமான் கொண்டுவரும் படகுக்காரர் அவனைப் ‘பூச்சி சார்’ என்றுதான் கூப்பிடுவார். அக்காவை, எல்லோரும் கூப்பிடுவது போல, அவரும் அக்கா என்றார், அவருக்கு அறுபது வயது ஆகியிருந்தும்.

தம்பியின் உயிர் ஒரே ஒரு பட்டாம்பூச்சியின் மேல் இருந்தது. நீலக்கீற்று என்று அவன்தான் அதற்குப் பெயர் வைத்தான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். இறக்கையை மூடி உட்கார்ந்தால் காய்ந்த சருகு. விரித்துப் பறந்தால் கண்ணைப் பறிக்கிற ஒரு நீலக் கோடு, அடுத்த நொடி ஆளைக் காணோம். வேறு எங்கும் அது இருப்பதாக யாரும் கண்டதில்லை. மேற்குச் சரிவின் உச்சியில் படர்ந்திருந்த ஒரு கசப்புக்கொடியில் மட்டும்தான் முட்டையிடும். அந்தக் கொடியைத் தவிர வேறு இலையை அதன் புழு தொடாது.

“என்னைவிட மோசமாச் சாப்பாட்டுல நொட்டை சொல்ற ஜீவன் இது ஒண்ணுதான்க்கா” என்பான்.

மாதம் இருமுறை சரிவின் அடிவாரப் பாதையில் ஒரே சீராக நடந்து, மேலே பார்த்து எண்ணிக்கொண்டு வருவான். எட்டு, பதினொன்று, ஏழு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவான். தாள்கள் படகில் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தீவின் செடிகொடிகளை இருவரும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். அந்த வருஷம் அது வந்தது. கணக்கெடுப்புக்கு முந்தின நாள் மதியம் சாப்பிட்டு எழுந்தபோதுதான் அக்கா ஒன்றைப் பார்த்தாள். தம்பி தண்ணீர் குடித்த டம்ளரைக் கீழே வைக்குமுன் சுண்டுவிரலால் மேசை விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தான். அவர்களுடைய அப்பா அப்படித்தான் வைப்பார். ஐம்பது வயதுக்குள் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. போகுமுன், கண்ணை மூடினாலும் ஏதோ மின்னுகிறது என்பார்.

கேட்க வாயெடுத்தாள். ‘அசதியாக இருக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லி மென்று விழுங்கிவிட்டாள்.

மறுநாள் காலை தம்பி பாதையில் நின்று தாளை விரித்துக்கொண்டான். அக்கா சரிவின் உச்சிக்கு ஏறினாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் மேலே கொஞ்சம் மண் சரிந்ததாகவும் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் தம்பி அப்போது சொல்லியிருந்தான். ஏறிப் பார்த்தால் கொஞ்சமா சரிந்திருந்தது? உச்சி முழுக்க வழித்துக்கொண்டு போயிருந்தது. அந்த வெறும் மண்ணில் வேறு ஏதோ களைக்கொடி கணுக்கணுவாக வேர்விட்டுப் போர்வை போலப் பரவிக் கிடந்தது. கீழேயிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான். அக்கா முழங்காலில் உட்கார்ந்து கைக்கு எட்டிய இலையை எல்லாம் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடக் கசக்கவில்லை.

“அக்கா! அதோ ரெண்டு! உன் இடது பக்கம் பாரு!” கீழேயிருந்து தம்பி உற்சாகமாகக் கத்தினான். “மூணாவது ஒண்ணும் இருக்கு, எழுதிக்கிறேன்!”

அக்கா இடது பக்கம் பார்த்தாள். அங்கே வெயில் மட்டும்தான் இருந்தது.

இறங்கி வந்தாள். “கண்ணை மூடுடா” என்றாள்.

“எதுக்குக்கா?”

“மூடேன்.”

அவன் மூடினான். “இப்போ ஏதாவது தெரியுதா?” என்று கேட்டாள்.

அவன் சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்ல ஆரம்பித்தான். “ஓரத்துல பளிச் பளிச்னு நீலமா...” அத்தோடு நிறுத்திவிட்டான். முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

“கொடி இருக்காக்கா?”

“இல்லடா.”

“கொஞ்சம்கூடவா?”

“புயலோட போயிருக்கு. இருக்கிறது வேற கொடி.”

“அப்போ ரெண்டு வருஷமா நான் எதை எண்ணினேன்?”

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு, அவனாகவே சொன்னான். சாயங்காலமானால் பார்வை மங்குவது அவனுக்கு மூன்று வருஷமாகவே தெரியும். “பகல்ல நல்லாத்தான் தெரியுதுன்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்க்கா. சொன்னா என்னை அனுப்பிடுவாங்க. அதான் வாயைத் திறக்கல.”

“நான் என்ன யோக்கியமா? ரெண்டு வருஷத்துல எத்தனை தடவை கூட வந்து பாருன்னு கூப்பிட்ட. பறவை, பறவைன்னு சாக்குச் சொல்லிட்டு ஒரு நாள் எட்டிப் பார்த்தேனா?”

அன்று சமைத்தது சட்டியிலேயே ஆறிப்போனது.

மறுநாளிலிருந்து இருவரும் தீவைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள் அக்கா. ஓடை இடுக்கு, பாறை வெடிப்பு, மரத்தின் கவடு என்று ஒன்றும் பாக்கி இல்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தம்பி பின்னால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவள் கிள்ளித் தந்த இலைகளை விரலால் தடவிப் பார்த்து, “இல்ல, அது இன்னும் சொரசொரப்பா இருக்கும்” என்பான். நடுவில் வால் வெள்ளையான ஒரு புறா குறுக்கே பறந்தது. அக்கா கணக்கெடுக்க வேண்டிய பறவை. அவள் நிற்கவில்லை. இருபத்திரண்டு நாள் தேடினார்கள். ஒரு கொடி கிடைக்கவில்லை. ஒரு முட்டை கிடைக்கவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் காலை அக்கா தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

“அவன் பொய் எழுதல சார். கண்ணுல தெரிஞ்சதைத்தான் எழுதினான்.”

தலைமை ஆய்வாளர் நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை. பெருமூச்சுதான் கேட்டது. “நான் நம்புறேன்மா. ஆனா புயல் முடிஞ்ச மாசமே பூஜ்யம்னு ஒரு தாள் வந்திருந்தா ஆள் அனுப்பியிருப்பேன். சரிஞ்ச மண்ணுல வேர் கிடைச்சிருக்கும். நாத்துப் போட்டிருக்கலாம். புழு நாலு மிஞ்சியிருந்தாலும் வளர்த்திருக்கலாம்.”

அந்தப் பழைய தொலைபேசியில் குரல் வெளியே வரை கேட்கும். அக்கா திரும்பிப் பார்த்தபோது தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“அவர் சொல்றது சரிதான்க்கா” என்றான். குரல் உடையவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. உடைந்து அழுதிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதிருப்பாள்.

விதிப்படி, தப்பான தாள்களை எழுதியவரே அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு மாதத்துக்கு ஐம்பத்திரண்டு தாள். தங்களிடம் இருந்த நகல்களை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நகலின் மங்கிய எழுத்து அவனுக்குப் பிடிபடாததால் அக்கா ஒவ்வொரு தாளிலும் அவன் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். அவன் ஒரு கோடு போட்டான், பக்கத்தில் பூஜ்யம் எழுதினான், கையெழுத்துப் போட்டான். பாதியில் ஒருமுறை கேட்டான்:

“இது எத்தனைன்னு எழுதியிருக்கேன்?”

“பதினாலு.”

“அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? பாடிக்கிட்டே வந்தேன்.”

“தெரியும்டா. உன் பாட்டுல நான் எண்ணிக்கிட்டிருந்த ஆலாப் பறவை அத்தனையும் பறந்துடுச்சு.”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த படகில் அவன் கிளம்பினான். கரையில் கண் மருத்துவமனை, பிறகு சித்தி வீட்டில் ஒரு அறை. அக்காவும் வருகிறேன் என்றுதான் சொன்னாள். “ரெண்டு கணக்கும் நின்னு போகணுமா? ஒண்ணாவது ஒழுங்கா இருக்கட்டும்” என்று மறுத்துவிட்டான். அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்கும் வரை அக்கா இருப்பது என்று முடிவாயிற்று. படகுக்காரர் வழக்கம்போலத் தமாஷாகப் பேச ஆரம்பித்து, அவன் துடுப்பில் கால் தட்டித் தடுமாறியதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஒன்றும் கேட்காமல் கைத்தாங்கலாகப் பிடித்துப் பலகையில் உட்கார வைத்தார்.

படகு நகர்ந்து, சுழன்று, ஆழத்துக்குத் திரும்பியது. அந்தச் சுழற்சியில் அவனுக்குத் திசை தப்பிவிட்டது. கையைத் தூக்கி ஆட்டினான். அக்கா நின்ற பக்கம் அல்ல, யாருமே இல்லாத பாறைத் திட்டைப் பார்த்து. முகம் நிறையச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஆட்டினான்.

அக்கா கூப்பிடவில்லை. செருப்பை உதறிவிட்டு, மணலிலும் சிப்பியிலும் கால் கிழிய ஓடினாள். பாறைத் திட்டில் ஏறி, அவன் கை நீண்டிருந்த நேருக்கு வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே தானும் கையை ஆட்டினாள்.